உயரத்தில் ஒரு வயிறு

அந்த வீட்டில் காலையில் யார் முதலில் குளிப்பது என்ற சண்டை வந்ததே கிடையாது. குளியலறையும் கழிப்பறையும் ஒன்றுதான். அதற்குள் கிரேன்காரர் இருப்பார். கதவுக்கு வெளியே மீதிக் குடும்பம் இருக்கும். மீதிக் குடும்பம் என்பது அவருடைய மனைவியும், வேலை தேடி வந்து வேலை கிடைத்த பிறகும் போகாமல் தங்கிவிட்ட அவள் தம்பியும். தம்பி ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவனுக்குப் பார்சல் என்றே பெயர்.

"மாமா, உள்ள உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"குத்துமதிப்பா எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னா நான் அதுக்கேத்த மாதிரி கவலைப்படுவேன்."

"அது என் கையில இல்ல."

"அவரைத் தொந்தரவு பண்ணாத. நீ பெட்ரோல் பங்க்குக்குப் போயிட்டு வா," என்பாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

"அங்க இப்போ என்னை வேலைக்குச் சேந்த ஆளுன்னு நினைக்கிறாங்கக்கா. நேத்து ஒருத்தர் வண்டியக் காட்டி காத்தடிக்கச் சொன்னாரு. அடிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

கிரேன்காரர் வெளியே வருவார். முகம் துடைத்து, சட்டை மாட்டி, ஷூவின் கயிற்றைக் கட்டுவார். கட்டி முடித்ததும் முகத்தில் ஒரு யோசனை ஓடும். கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி உள்ளே போவார். ஷூவைக் கட்டி அவிழ்ப்பதில் அந்தத் தெருவிலேயே அவருக்கு இணையான ஆள் இல்லை.

அவருடைய வயிறு ஒரே மாதிரி தொல்லை கொடுத்திருந்தால்கூடப் பழகியிருப்பார். ஒரு வாரம் தண்ணீராக ஓடும். அடுத்த வாரம் கோபித்துக்கொண்டு போக்குவரத்தையே நிறுத்திவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஊதி, பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போடவைக்கும். அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி வலிக்கும். போய்விட்டு வந்தால் வலி அடங்கும். போனது போதவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் அடங்காது.

வேறு வேலையாக இருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் ஓட்டுவது, கட்டடம் கட்டுகிற இடத்தில் வானத்துக்கு நிற்கும் டவர் கிரேன். தூணுக்குள் இருக்கும் இரும்பு ஏணியில் தட்டுத்தட்டாக ஏறி, நடுவில் மூச்சு வாங்கி, உச்சியில் கேபினுக்குள் போய் உட்கார வேண்டும். அங்கே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு ரேடியோ, சுற்றிலும் கண்ணாடி. கழிப்பறை கீழே, வாசலுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில். அவசரம் என்று தெரிந்து, வேலையை நிறுத்தி, அத்தனை ஏணியும் இறங்கி வருவதற்குள் ஒரு சாதாரண வயிறே பொறுமை இழந்துவிடும். அவருடையது சாதாரண வயிறு இல்லை.

ஆனாலும் அந்தக் கேபினை விட அவருக்கு மனசு வரவில்லை. கீழே எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். மேலே காற்று மட்டும் பேசும். மழை வருவது ஊரில் எல்லாருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தூரத்தில் சாம்பல் நிறத் திரையாக இறங்கி, ஒவ்வொரு மொட்டைமாடியாக நனைத்துக்கொண்டு வரும். துணி காயப்போட்டவர்கள் ஓடுவதைப் பார்த்தபடியே ரேடியோவில், "மழை வருது, சிமெண்ட்ட மூடுங்க," என்பார். கீழே சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு, மறுபேச்சில்லாமல் மூடுவார்கள். ஒரு கட்டுக் கம்பியை ஆடாமல் அசையாமல் இறக்கி, கம்பி கட்டுகிறவர்களின் கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். தூக்குகிற பொருள் கையில் படாமலே அதன் எடை அவருக்குத் தோளில் தெரியும். வாழ்க்கையில் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான் என்பது அவர் கணிப்பு. அவர் ஷூவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரே மாதத்தில் பலமுறை வேலை நடுவே இறங்கிவிட்டார். சைட்டுக்குப் பொறுப்பான இன்ஜினியரம்மா கேட்டபோது ஒருமுறை கால் மரத்துவிட்டது என்றார். இன்னொரு முறை கண்ணாடி துடைக்கத் துணி வேண்டும் என்றார். மூன்றாவது முறை என்ன சொல்வது என்று தெரியாமல், கீழே எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார்.

இன்ஜினியரம்மா மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு தடவை நீங்க இறங்கி ஏறினா, முப்பது பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இன்னொரு தடவை நடுவுல இறங்கினா உங்களை ஸ்டோர்ல உட்கார வெச்சிடுவேன். கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்."

கிரேன்காரரும் யோசித்தார். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து காலையில் பட்டினி. தண்ணீர்கூட நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான். மனைவி கட்டிக்கொடுக்கும் மதியச் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே நிற்கும் சிக்னல்காரரிடம் கொடுத்துவிடுவார். கொக்கியில் சுமையை மாட்டச் செய்து, தூக்கு, நிறுத்து, வலதுபக்கம் என்று ரேடியோவில் சொல்கிறவர் அவர். கிரேன்காரருக்குக் கண் மாதிரி. கண் ஏன் எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கிரேன்காரர் நாள் முழுவதும் விட்டதை ஒரே உட்காரலில் பிடிப்பார். காலையில் வயிறு அதற்குப் பதில் சொல்லும். தன் திட்டத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் சிக்னல்காரர் தன் மகளுக்குப் பாவாடை அளவு கொடுக்க அங்கே வந்தார்.

"அண்ணி, உங்க கைப்பக்குவமே தனி. நேத்து கீரைதான் உப்பு ஒரு மாத்து கம்மி."

அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். "நேத்து கீரைய நீங்களா சாப்பிட்டீங்க?"

"நேத்து மட்டுமா. எனக்கு ரெண்டு கிலோ கூடிடுச்சு. வீட்ல எங்க சாப்பிடுறேன்னு சந்தேகப்படுறா."

"அப்போ அவரு?"

சிக்னல்காரர் கையிலிருந்த அளவுச் சீட்டை மடித்துக்கொண்டு, தப்பான இடத்தில் வாயைத் திறந்துவிட்டவர் நிற்கிற மாதிரி நின்றார். "அண்ணன் வெளிய சாப்பிடுறாருன்னு நினைச்சேன் அண்ணி."

"ஆகாசத்துல யாரு கடை வெச்சிருக்கா?"

அன்று சாயந்திரமே அவள் கணவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பார்சலும் கூடவே வந்தான். அவனுக்கு அதில் தனிப்பட்ட அக்கறை இருந்தது. போன வருஷம் அவன் பிறந்தநாளுக்குப் பொரித்த கோழி வாங்கிவந்தான். அதைச் சாப்பிட்ட மூன்று பேருக்கும் வயிறு கெட்டது. இரண்டு பேருக்குச் சரியானது. கிரேன்காரருக்குச் சரியானதா இல்லையா என்பதுதான் அதற்குப் பிறகு நடந்துவரும் கதை. அக்கா பார்வையில் முதல் குற்றவாளி கோழி, இரண்டாம் குற்றவாளி தம்பி. அதனால் பார்சல் போன ஒரு வருஷமாக வேறு காரணங்களைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தான். பால்தான் காரணம் என்றான். கோதுமை என்றான். வெங்காயம் என்றான். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் குடல் விரிகிறது என்றான். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வாரம் வீட்டில் ஒரு சாமான் நிறுத்தப்பட்டது. வெங்காயம் நின்ற வாரம் குழம்பு அழுதது.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். மலத்தில் ரத்தம் போகிறதா, உடம்பு இளைத்துவிட்டதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி வருகிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்று வந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. ரத்தம், மலம் எல்லாம் பரிசோதனைக்குப் போய், மறுவாரம் முடிவு வந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு," என்றார் டாக்டரம்மா.

கிரேன்காரரின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இருக்கே. எரிச்சல் குடல்னு சொல்லுவோம். குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல. அதனால பரிசோதனையில மாட்டாது. ஆனா அந்தக் குடல் நரம்புக்கு ரோஷம் ஜாஸ்தி. எங்க வயித்துல காத்து நகர்ந்தா எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அதுவே வலியாத் தெரியும். குடலும் மூளையும் நாள்பூரா பேசிக்கிட்டே இருக்கும். உங்க வீட்ல அது ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டுப் பேசுது."

"எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான் டாக்டர்," என்றான் பார்சல். பிறகு தொண்டையைச் செருமினான். "இது கோழியால வருமா? சும்மா பொதுவாக் கேக்குறேன்."

"எந்தக் கோழி?"

அக்கா சொன்னாள். சுருக்கமாகச் சொல்லவில்லை.

"வரலாம்," என்றார் டாக்டரம்மா. பார்சல் தலையைக் குனிந்துகொண்டான். "வயித்துல கிருமி புகுந்து கெட்டு, அது சரியான பிறகும் சில பேருக்குக் குடல் பழைய நிலைக்கு வராது. ஆனா அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. சில பேருக்கு உடம்பு வாகு. சில பேருக்குக் குடல்ல இருக்குற நல்ல கிருமிங்க மாறிப்போயிருக்கும். சில பேருக்குச் சில சாப்பாடு கிளப்பிவிடும். கவலையும் கிளப்பிவிடும். பெரும்பாலும் எல்லாம் சேந்துதான். இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்போ கோழி தனியாப் பண்ணல," என்றான் பார்சல், அக்காவைப் பார்த்து.

கிரேன்காரர் மெதுவாகக் கேட்டார். "டாக்டர், எல்லாம் என் மனப்பிராந்தின்னு சொல்லிட மாட்டீங்களே?"

"வலி நிஜம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

கிரேன்காரர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, அது தன்னுடையது இல்லை என்று தெரிந்து, திரும்ப வைத்தார். ஒரு வருஷமாக யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தார். வயிறு அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னது. டாக்டரம்மா இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

பட்டினிதான் திட்டத்தின் ஓட்டை என்றும் அங்கேதான் தெரிந்தது. நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், மென்று சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்சல் மாதிரி கடையையே மூடக் கூடாது. வலி இறுக்கிப் பிடிக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை. "அப்புறம், வேலையிடத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க," என்றார் டாக்டரம்மா கடைசியாக.

"சரிங்க," என்றார் கிரேன்காரர். செத்தாலும் சொல்வதில்லை என்பது அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை மனைவி இரண்டு ரொட்டித் துண்டையும் ஒரு வாழைப்பழத்தையும் அவர் முன்னால் வைத்து, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாமே. மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடுறோம். நடுவுல இறங்கவே முடியாது. இறங்கினா ஸ்டோர்தான்."

"ஸ்டோர்னா ஸ்டோர். மயங்கி மேலருந்து விழுந்தா, கீழ நிக்கிறவங்களுக்கும் சேத்துல்ல சங்கடம். சாப்பிடுங்க."

"நீ கடைக்குக் கிளம்பலையா?"

"நீங்க முழுங்குறதப் பாத்துட்டுப் போறேன்."

அவர் மென்றார். அவள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தன் தலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுப் புறப்பட்டாள். ஷூ அன்று ஒரே ஒருமுறைதான் அவிழ்ந்தது.

காங்கிரீட் போடுகிற நாள் என்றால் சைட்டுக்கே ஒரு ஜுரம் வரும். லாரி வந்து கலவையைப் பெரிய வாளியில் கொட்டும். வாளி நிறைந்ததும் சிக்னல்காரர் சொல்வார். கிரேன்காரர் தூக்கி மேல்தளத்துக்குக் கொண்டுபோவார். அங்கே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் கொட்டிப் பரப்புவார்கள். காலி வாளி கீழே வரும். கலவை இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். ஆளாளுக்கு இடுப்பில் ஒரு ரேடியோ.

நாலைந்து வாளி போனது. அடுத்த வாளி கீழே தரையில் நிறைந்துகொண்டிருந்தபோது கிரேன்காரரின் அடிவயிற்றில் யாரோ துணியை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்கள். அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கினார். மடங்கியபோது மடியில் கிடந்த ரேடியோ அவர் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அதன் பேசுகிற பொத்தான் அழுந்தி அப்படியே நின்றது.

இந்த ரேடியோவின் குணம் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்வது: ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், மற்ற யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

கிரேன்காரருக்குத் தனியாக இருக்கும்போது தன் வயிற்றோடு பேசுகிற பழக்கம் உண்டு.

"இந்தா பாரு," என்றது எல்லார் இடுப்பிலும் இருந்த ரேடியோ. "உனக்கு நான் என்ன கொறை வெச்சேன். வாழைப்பழம் குடுத்தேன். ரொட்டி குடுத்தேன். அந்த டாக்டரம்மா சொன்ன மாதிரி மென்னு மென்னு பக்குவமா அனுப்பினேன். இதுக்கு முன்னால பட்டினி போட்டேன், ஒத்துக்கிறேன். அதுக்கு இன்னைக்கா பழி வாங்குவ?"

மேல்தளத்தில் கலவை பரப்பிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சிக்னல்காரர் தன் ரேடியோவை எடுத்து, "அண்ணே, பொத்தான்," என்றார். அது எங்கும் போகவில்லை.

"கொஞ்சம் பொறு ராசா. இப்போ இறங்கினா அந்தம்மா என்னை ஸ்டோர்ல உட்கார வெச்சிரும். ஆணி எடுத்துக் குடுத்துக்கிட்டு அங்க உட்கார எனக்கு வராது. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். அந்தம்மா மேல கோவம் இல்ல. அதுக்கும் மேல யாராவது நின்னு கத்துவாங்க. அதுக்கும் ஒரு வயிறு இருக்கும்ல."

அலுவலக அறையில் படத்தை விரித்துவைத்திருந்த இன்ஜினியரம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரி அவங்க அம்மாவப் பாக்க பஸ்ல போலாம்னு ஆசையாக் கேட்டா. நடுவழியில நீ ஏதாவது பண்ணுவன்னு பயந்து, லீவு இல்லைன்னு பொய் சொன்னேன். லீவு இருந்துச்சு. அவ சரின்னுட்டா. நாள்பூரா மிஷின்ல குனிஞ்சுட்டு வந்து எனக்குச் சோறு கட்டுறா. அத இந்த சிக்னல்காரன் திங்கிறான். அவன் நல்லவன். ஆனா ஒருநாளாவது ஏன்ணே சாப்பிடலன்னு கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ."

சிக்னல்காரர் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதனால் வாளி நிறைந்து வழிந்ததை யாரும் பார்க்கவில்லை.

கலவை தன் ஷூவில் ஏறிய பிறகுதான் சிக்னல்காரருக்குச் சுரணை வந்தது. ஓடிப்போய் வெட்டவெளியில் நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். எல்லாவற்றையும் நிறுத்து என்பதற்கு அந்தத் தொழிலில் அதுதான் சைகை. மேலிருந்து அதைப் பார்த்த கிரேன்காரர் பதறி நிமிர்ந்தார். ரேடியோ விடுபட்டுக் கொர்ரென்றது.

"என்னாச்சு? ஏன் நிறுத்தச் சொல்ற?"

"அண்ணே," என்றார் சிக்னல்காரர். "உங்க பொத்தான் மாட்டிக்கிச்சு."

மேலே கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.

"எப்போலருந்து?"

"வாழைப்பழத்துலருந்து."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"லாரி டிரைவருக்குக் கேக்கலண்ணே. அவர்கிட்ட ரேடியோ இல்ல." சிக்னல்காரர் நேர்மையான மனிதர். "பக்கத்துல நின்னவன் சொல்லிட்டான்."

குறுக்கே இன்னொரு குரல் வந்தது. இன்ஜினியரம்மா. "கிரேன், கொக்கியைப் பாதுகாப்பா நிறுத்திட்டு இறங்கி வாங்க. சிக்னல், மாத்து ஓட்டுநர் உரிமம் உங்களுக்கு இருக்குல்ல? நீங்க மேல போங்க. சைகைக்கு மேஸ்திரி நிக்கட்டும்."

கிரேன்காரர் ஏணியில் இறங்கினார். ஒவ்வொரு தட்டிலும் ஸ்டோர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. பாதியில் மேலே ஏறிவரும் சிக்னல்காரரைச் சந்தித்தார். ஏணி குறுகல்; ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகலாம்.

"அண்ணே, நான் கேட்டிருக்கணும்," என்றார் சிக்னல்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"நீ மொதல்ல வழி விடு. அப்புறம் கேளு."

சிக்னல்காரர் சுவரோவியம் மாதிரி ஒட்டிக்கொண்டார்.

கீழே வந்தபோது முப்பது பேர் மும்முரமாக வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகத்தைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். மேகம் ஒன்றும் இல்லை. இன்ஜினியரம்மா ஏணியடியில் காத்திருந்தார். கையில் ஒரு சாவி.

"இது ஆபீஸ் டாய்லெட். கொட்டகை வரைக்கும் ஓட வேண்டாம். மொதல்ல போயிட்டு வாங்க, பேச்செல்லாம் அப்புறம்."

அவர் போய்விட்டு வந்தார். இன்ஜினியரம்மா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"ஏன் இறங்கினீங்கன்னு நான் ஒழுங்காக் கேட்டிருக்கணும்," என்றார் இன்ஜினியரம்மா.

"கேட்டீங்கம்மா. நான்தான் கண்ணாடி தொடைக்கத் துணின்னு சொன்னேன்."

"அது பொய்னு தெரிஞ்சும் விட்டுட்டேன். சாப்பிடாம தண்ணி குடிக்காம மேல உட்கார்ந்து, தலைக்கு மேல டன் கணக்குல தூக்கியிருக்கீங்க. இறங்கி ஏறுறதவிட அதுதான் எனக்கு இப்போ நடுக்கமா இருக்கு. இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சிக்னல் வந்து மாத்திவிடுவாரு. முன்னாலயே அப்படித்தான் நடந்திருக்கணும். நீங்களும் கேக்கல, நாங்களும் செய்யல."

"அப்போ ஸ்டோர்?"

"ஸ்டோர்ல ஏற்கெனவே ஆள் இருக்காரு. அவரு உங்களவிட நல்லா ஆணி எடுத்துக் குடுப்பாரு."

கிரேன்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். "உங்களுக்கும் வயிறு இருக்கும்னு சொன்னது..." என்று தொடங்கினார்.

"இருக்கு," என்றார் இன்ஜினியரம்மா. "காங்கிரீட் நாள்ல எனக்கும் எதுவும் இறங்காது."

டீ நேரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். கம்பி கட்டுகிறவர்களில் மீசை முறுக்கிய ஒருவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தனக்கு மூலம் என்றார். இன்னொருவருக்குப் பால் டீ குடித்தால் கலக்கும். கூட்டத்தில் வித்தியாசமாகத் தெரியக் கூடாதே என்று வருஷக்கணக்காகப் பால் டீயே குடித்துவந்தார். லாரி டிரைவர், தன்னிடம் ரேடியோ இல்லாவிட்டாலும் கல் இருக்கிறது என்று விலாவைக் காட்டினார். சாயந்திரத்துக்குள் கிரேன்காரருக்கு அந்தச் சைட்டின் எல்லா உள்ளுறுப்பும் அறிமுகமாகிவிட்டது.

வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னார். பஸ் விஷயத்தை மட்டும் தள்ளிப்போட்டு, கடைசியில் அதையும் சொன்னார். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"லீவு இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா?"

"அந்த லீவுல நீங்க வீட்லதானே இருந்தீங்க."

பார்சல் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதனாலதான் நான் பஸ் ஸ்டாண்டுல போய் விசாரிச்சேன்," என்றாள் அவள். "எந்த பஸ் எங்கெங்க நிக்கும், எங்க இறங்கினா டாய்லெட் இருக்கும், அதுல எது சுத்தமா இருக்கும்னு. கண்டக்டரு என்னை வேவு பாக்க வந்தவன்னு நினைச்சு எல்லாத்துக்கும் மரியாதையா பதில் சொன்னாரு. நேராப் போற பஸ் வேணாம். மூணு பஸ் மாறிப் போவோம். என்ன, அரை நாள் கூட ஆகும். அம்மா எங்கயும் ஓடிடப் போறதில்ல."

அவள் பல்லால் நூலைக் கடித்து, சட்டையை உதறி, கணவன் தோளில் வைத்து அளவு பார்த்தாள். அளவு பார்க்க வேண்டிய சட்டை இல்லை அது, பள்ளிப் பையனுடையது.

"நான் வேணா ஸ்கூட்டர்ல பின்னாலயே வரேன்," என்றான் பார்சல். "அவசரம்னா மாமாவை டெலிவரி பண்ணிடுறேன்."

"உடையாம கொண்டுபோவியா?" என்று கேட்டார் கிரேன்காரர். அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

மறுவாரம் சைட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை வந்தது. நீல நிறம், ஒரு கதவு, கூரையில் ஒரு குழாய். டவர் கிரேன் ஆடாமல் இருக்க அதன் தூணைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கட்டியிருக்கும் தளத்தில் தூணிலிருந்து கட்டடத்துக்கு ஒரு நடைபாலமும் உண்டு. கேபினிலிருந்து கொஞ்சம் இறங்கினால் அங்கே வந்துவிடலாம். கழிப்பறையை அங்கே வைப்பது என்று முடிவாகியிருந்தது. அவ்வளவு உயரத்துக்கு அதைக் கொண்டுபோக சைட்டில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

சிக்னல்காரர் நாலு மூலைக்கும் பெல்ட் மாட்டி இழுத்துப் பார்த்தார். "அண்ணே, சுமை தயார். உள்ள யாரும் இல்லைன்னு ரெண்டு தடவை தட்டிப் பாத்துட்டேன்."

"காத்து கொஞ்சம் இருக்கு. கயிறு ஒண்ணு கட்டி ஆள் பிடிக்கட்டும்."

"கட்டியாச்சு. தூக்குங்க. மெதுவா. மெதுவா."

நீலப் பெட்டி தரையைவிட்டு எழுந்தது. கலவை ஆட்கள், கம்பி ஆட்கள், ஸ்டோர்க்காரர், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். இன்ஜினியரம்மா யாரையும் விரட்டவில்லை. முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டி ஒருமுறை லேசாகத் திரும்பியது. கதவில் வரைந்திருந்த ஆணும் பெண்ணும் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் பெட்டி கொடுக்க வந்திருந்த பார்சல், போனை எடுத்து அக்காவுக்குக் காட்டினான். தையல் கடையில் எல்லா மிஷினும் நின்றன.

"இன்னும் ஒரு அடி. அரை அடி. நிறுத்துங்க. இறக்குங்க," என்றார் சிக்னல்காரர். "பூ மாதிரி வெச்சிட்டீங்கண்ணே."

"இந்தப் பொத்தான் இப்போ அழுந்தி இருக்கா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"நீங்கதானே அழுத்திப் பேசுறீங்க. எல்லாருக்கும் கேக்குது."

"அப்போ சரி. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவ்வளவுதான். கொக்கியைக் கழட்டுங்க."

வயிறு அதனால் திருந்திவிடவில்லை. கெட்ட நாட்கள் வந்தன. துணி பிழிகிறவர் அவ்வப்போது வந்து போனார். பச்சை வெங்காயம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது உறுதியானது; பாலும் கோதுமையும் விடுதலையாயின. கோழி மேல்முறையீட்டில் இருக்கிறது. ஆனால் காலையில் சாப்பிட்டார், மேலே தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டார். அவர் கழிப்பறையைத் தேடிய நேரமெல்லாம் போய், கண்ணாடி வழியாக அதன் நீலக் கூரையைப் பார்த்தாலே பாதி நாள் வயிறு சும்மா கிடந்தது. அது ஏன் என்று அவர் ஆராய்ச்சி செய்யவில்லை. ஆராய்ச்சிக்கு வீட்டில் வேறு ஆள் இருந்தான்.

மழைக்கு முந்திய ஒரு மத்தியானம், சிக்னல்காரர் வந்து மாற்றிவிட்டதும், கிரேன்காரர் நடைபாலத்தில் இறங்கினார். நீலப் பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. கீழே ஓடி இறங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்று அந்தத் தளத்து ஆட்கள் எல்லாருமே கண்டுபிடித்திருந்தார்கள். மீசை முறுக்கியவர் முதலில் நின்றார். பின்னால் பால் டீயை விட்டவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கிரேன்காரரைப் பார்த்ததும் வரிசை கலைந்து ஒதுங்கியது.

"அண்ணே, நீங்க மொதல்ல போங்க," என்றார் மீசைக்காரர். கதவைத் தட்டினார். "உள்ள யாரு, சீக்கிரம் வா. அண்ணன் வந்திருக்காரு."

கிரேன்காரர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தார். தூரத்தில் சாம்பல் நிறமாக மழை இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிகளில் ஆட்கள் துணியை வாரிக்கொண்டு ஓடினார்கள். அவர் வயிற்றின்மேல் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தார்.

"அவரை விடுங்கப்பா, நிதானமா வரட்டும்," என்றார். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."